வெறுங்கையோடு திரும்பியவர்களின் நோட்டு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நலம். படகும் நலம், புது பெயின்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. நீ என் போனை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அதனால்தான் கடிதம்.

ஜெயித்துவிட்டோம். மீன் முட்டையிடும் நான்கு மாதமும் உங்கள் கப்பல் கடலடியில் எண்ணெய் தேடி இந்தப் பக்கம் தண்ணீருக்குள் காற்றுத் துப்பாக்கி வெடிக்கக் கூடாது என்று நேற்று உத்தரவு வந்துவிட்டது. மற்ற மாதங்களிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வர வேண்டுமாம். படித்ததும் துறைமுக அலுவலகத்திலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

விசாரணையில் முதலில் எங்கள் பாடு திண்டாட்டம்தான். வெடிச் சத்தத்தால் மீன் விலகிப் போனது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கம்பெனி வக்கீல் கேட்டார். நம் படகு நோட்டுகளை நீட்டினேன். நம் படகில் காசு கொடுத்துத் தூண்டில் போட வருகிறவர்கள் கரை இறங்குமுன் என்ன கிடைத்தது என்று தங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவார்களே, அதுதான், பதினொரு வருஷத்து நோட்டுகள். வக்கீல் ஒரு பக்கத்தைப் புரட்டினார். நம் படகில் அடிக்கடி வரும் பல் டாக்டர் அதில், களவா மீன், என் உயரம் என்று எழுதி வைத்திருந்தார். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிற புளுகர்கள் எழுதியதெல்லாம் ஆதாரமா என்று வக்கீல் கேட்க, அறையே சிரித்தது. டாக்டரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், பாவம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். "ஆமாங்க, நீளத்துல பொய் சொல்லுவாங்க. ஆனா ஒண்ணுமே கிடைக்கலைன்னு எந்தத் தூண்டில்காரராவது பொய் சொல்லுவாரா?"

அதற்குப் பிறகு விசாரணை அதிகாரியே நோட்டை வாங்கிக்கொண்டார். கப்பல் வேலை செய்த மூன்று வாரமும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே இருந்தது. டாக்டர் ஒருவரே ஐந்து முறை ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார். கப்பல் போய்ப் பதினெட்டாம் நாள்தான் முதல் மீன். மூன்று வருஷத்துக்கு முன் வேறு கப்பல் வந்தபோதும் இதே கதை. வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவர், அந்தத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது உங்கள் தம்பிதானே என்றார். ஆமாம், கெட்டிக்காரன், அவன் கை பட்ட மெஷின் நிற்காது என்று சொன்னேன். வெடி தொடங்கியதும் குட்டியை இழுத்துக்கொண்டு ஓடிய திமிங்கிலத்தைப் பற்றி நீ என்னிடம் சொன்னாயே, அதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் முதல் நாளே ஜெயித்திருப்போம். உன் வேலை போயிருக்கும்.

இந்த நான்கு மாதம் உனக்குக் கப்பல் இல்லை என்று தெரியும். அது என்னால்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். கடல் பக்கம்தான் நியாயம், அது உனக்கும் தெரியும். ஆனால் நீ பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வா. கோபம் தீர்ந்த பிறகு வரலாம் என்று இருக்காதே, கோபத்தோடேயே வா.

நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
நீ சண்டை போட உனக்கென்று இருக்கிற ஒரே அக்கா