கம்பிகளை வைத்துச் சொன்ன வழி

அண்ணா,

இன்று ஒண்டிக்கடையில் மாரமங்கலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மழைக்கு அறுந்த கேபிளை ஒருவர் கம்பத்தில் ஏறிக் கட்டிக்கொண்டிருந்தார். கறுப்பு வயர்கள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரித் தொங்கின. அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். பஸ் போய்விட்டது. அதற்காக வருத்தப்படக்கூட அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து மிளகுக்கொடி கட்டிய உடம்பு. அடுத்த பஸ் வரும்வரை மனதுக்குள் உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் பாங்காக்கில் புரோட்டா மாஸ்டராக இருந்த இரண்டு வருஷமும் நாம் வீடியோ காலில் பேசும் நேரம் ஒன்றுதான். அங்கே கடை அடைத்துப் பத்து மணிக்கு நீங்கள் வெளியே வரும்போது இங்கே எட்டரை. எஸ்டேட் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. காப்பி காயப்போடும் களத்தின் மூலையில் போனோடு நிற்பேன். காட்டெருமை வந்துவிடுமென்று அம்மா டார்ச்சோடு பக்கத்தில் குந்தியிருப்பாள். "நேரா ரூமுக்குப் போனா தூக்கம் வராது கண்ணு. ஊரப் பாத்துக்கிட்டே போலாம்" என்று நடப்பீர்கள். அடிக்கடி ஒரு புதுச் சந்து.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். வகுப்பில் எழுந்து நின்றால் பேச்சு வராது. ஒண்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கக்கூட அம்மாவைத்தான் முன்னால் தள்ளுவேன். அந்த ஊர்ச் சந்துகளில் உங்களோடு போகும்போது மட்டும் கூச்சமில்லை. அங்கே என்னை யாரும் பார்க்கவில்லை அல்லவா. கரியில் சுடும் கறி, ஐஸ் மேல் அடுக்கிய மீன், கழுத்தில் ஒலிபெருக்கி மாட்டிப் பாடும் கண் தெரியாதவர், பாட்டு அதிரும் கண்ணாடிக் கதவுகள், எந்தெந்த நாட்டு மனிதர்களோ. திடீரென்று படம் மேலே போய்விடும். மதுக்கடை வாசலில் குட்டைப் பாவாடைப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடம் வந்தால் போனை வானத்துக்குத் தூக்கிவிடுவீர்கள்.

"ஏனுங்கண்ணா, வெறும் கரண்டுக் கம்பியவே காட்டறீங்க?"

"நம்மூர்ல இத்தன கம்பி இருக்குதா கண்ணு? நல்லாப் பாத்துக்கோ."

அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பாள். அப்படிச் சந்து சந்தாக நான் மேலேதான் பார்த்தேன். கூடு மாதிரி சுருண்ட வயர்கள், நீல விளக்கில் ஒரு மீன், மூன்றாம் மாடியில் காயும் வெள்ளைத் துண்டுகள்.

நீங்கள் கடையில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரி போகும் முன்பே போய்விட்டீர்கள் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குத்தான் போன் வந்தது. பத்து நாள் முன்புதான் ரூம் மாறியிருந்தீர்கள். புது ரூம் எங்கே என்று கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாஸ்போர்ட் அங்கே இருந்தது. அது கிடைக்காவிட்டால் உங்களை ஊருக்கு அனுப்புவது கஷ்டம், அங்கேயே எரிக்க வேண்டியதாகிவிடும் என்றார்களாம். அம்மா அழவில்லை. "மூஞ்சியாச்சும் பாக்கோணும் சாமி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ரைட்டர் விலாசம் கேட்டார். விலாசம் தெரியாது, வழி தெரியும் என்றேன். அந்தப் பத்து நாளும் புது ரூம் வாசல்வரை போனில் நானும் கூட வந்தவள்தானே.

உங்களோடு வேலை பார்த்த தென்காசிக்காரர் மறுநாள் கடை அடைத்ததும் கூப்பிட்டார். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் முதன்முதலாகப் பேசியது இதுதான்: "போன மேல தூக்குங்கண்ணா."

"மேலயா? மேல வயருதாம்மா கெடக்கு. இத வச்சா வழி சொல்லப் போற?"

"ஆமாங்க. அத வச்சுத்தானுங்க."

அங்கேயுள்ள மாரியம்மன் கோயிலைத் தாண்டியதும் தப்பாகச் சொல்லிவிட்டேன். அன்று அந்த நீல மீன் எரியவில்லை. சுற்றிச் சுற்றி இரண்டு தடவை அதே முனைக்கு வந்தோம். பகலெல்லாம் அடுப்பின் முன் நின்ற மனிதர். அவருக்கு மூச்சு இரைப்பது எனக்குக் கேட்டது. திட்டவில்லை. "பதறாம பாரும்மா, நான் நிக்கேன்" என்றார். மூன்றாவது தடவை வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. உங்கள் படத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மா சாவி எடுத்து வந்தார். தலையணை உறைக்குள் பாஸ்போர்ட் இருந்தது.

திரும்பும்போது அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நடந்தார். மேலே தூக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. நீங்கள் மறைத்ததை அப்போதுதான் பார்த்தேன் அண்ணா. மதுக்கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒருத்தி. முப்பது வயதிருக்கும். குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாதத்தை மடியில் தூக்கிப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். கண் எங்கேயும் பார்க்கவில்லை. காப்பிப் பழம் பறித்துவிட்டு வரும் அம்மா வாசலில் அப்படித்தான் உட்காருவாள்.

ஆறாம் நாள் உங்களைக் கொண்டுவந்தார்கள். அம்மா முகம் பார்த்தாள். குடியும் கூத்துமான ஊரில் பையன் எப்படி இருந்தானோ என்று வந்தவர்கள் ஓரமாகப் பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. எல்லோரும் போன பிறகு கேட்டாள்.

"அது எப்பேர்ப்பட்ட ஊரு கண்ணு? நீதான பாத்த."

"கால் வலிக்கறவங்க ஊரும்மா" என்றேன்.

இப்போதெல்லாம் உங்கள் முகத்தை நினைத்தால் அந்தப் பெண்ணின் முகமும் கூடவே வருகிறது. நான் விலக்குவதில்லை. தினமும் அவளைத் தாண்டித்தானே நீங்கள் ரூமுக்குப் போயிருக்கிறீர்கள்.