வென்ற வழக்குக்கு நாம் ஏன் செலவு கட்டினோம்?

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால் "ஓம், சொல்லுமப்பா" என்பீர்கள். இனி அந்தக் குரல் வராது என்று தெரிந்தும் கூப்பிடுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் பிரெஸ் இயந்திரம் உங்கள் வலக்கை விரல்களை நசுக்கியது. கை உள்ளே போகாமல் தடுக்கும் காவல் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை வாங்கியவர்கள்மேல் வழக்குப் போட்டு வென்றோம். நட்டஈடு கைக்கு வருவதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது. பிறகு வந்த பணத்தில் பெரும்பகுதியை நம் வழக்கறிஞர் செலவென்று கழித்திருந்தார்.

தோற்றவன்தானே செலவு கட்ட வேண்டும்? பரமட்டாவில் இருக்கும் அவருடைய அலுவலகத்துக்குத் தனியாகவே போய்க் கேட்டேன். தோற்றவர்கள் நீதிமன்றம் வகுத்த அளவுக்குத்தான் தருவார்களாம்; மிச்சம் நம் தலையிலாம். அவர் அதோடு விடவில்லை. விசாரணைக்கு முன்பே, வழக்கை முடித்துக்கொள்ள எதிர்த்தரப்பு ஒரு தொகையை நீதிமன்றத்தில் கட்டியதாம், நீங்கள் வேண்டாம் என்றீர்களாம். நீதிபதி தந்தது அதைவிடக் குறைவு. அதனால் அன்றிலிருந்து ஏற்பட்ட இரு தரப்புச் செலவும் நம்முடையதாம்; எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டியது இன்னும் பாக்கியாம்.

நான் நம்பவில்லை. எனக்குச் சொல்லாமல் ஒரு சட்டைகூட வாங்காத மனிதர் நீங்கள். இறந்தவர்மேல் பழியைப் போட்டால் மறுக்க யார் வரப்போகிறார்?

அவருடைய பில்லைச் சரிபார்க்கும்படி நீதிமன்றத்தில் கேட்டேன். நடக்காத ஒரு சந்திப்புக்கும் கட்டணம் எழுதியிருந்தார். பில்லைச் சரிபார்த்த நீதிமன்ற அதிகாரி அதை வெட்டினார். பார்த்தீர்களா? ஆனால், நீங்கள் மறுத்த அந்தத் தொகை உண்மைதான் என்று அவரும் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை. உங்களோடு வேலை செய்த சிவத்தை நார்த்மீட்டில் போய்ப் பார்த்தேன். தேநீர் தந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஓம் அக்கா, அண்ணைதான் வேண்டாமெண்டு சொன்னவர்."

"ஏன்? விசரே அவருக்கு, பைத்தியமே?"

"அந்தக் காசை எடுத்தா வழக்கு அதோடை முடிஞ்சிடும் அக்கா. தகடு கழட்டினதைப் பற்றிக் கோட்டிலை ஒருத்தரும் கதைக்க மாட்டினம். அவருக்குப் பிறகு அந்த மெசினிலை நிண்டது நான்தான். விசாரணை நடந்த கிழமையே தகட்டைத் திரும்பப் பூட்டிப்போட்டாங்கள்."

அவன் கோப்பையைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். பத்து விரல்களும் இருந்தன. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் தடுப்பேன் என்று பயந்தீர்களா? தடுத்திருப்பேனா? இன்னும் தெரியவில்லை. வழக்கறிஞரைச் சந்தேகித்த கண்ணால் இப்போது உங்கள் படத்தைப் பார்க்கிறேன். வேறு என்னவெல்லாம் மறைத்தீர்கள்?

மீதிச் செலவை நான் கட்டி முடிப்பேன். சிவம் ஒருநாளும் அதை அறியமாட்டான். உங்களை ஏமாளி என்று யாரும் சொல்ல விடமாட்டேன். அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

இன்னும் உங்களோடு கோபமாக இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி