நோன்புக் கஞ்சியும் ஆறு கிலோவும்

திண்டுக்கல்
11.4.1994

அன்பு மகள் ஐரினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அம்மா சுகம், நான் தேவைக்கு மேலேயே சுகம். நீயும் மாப்பிள்ளையும் பெரியவளும் வயிற்றுப் பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். சாம்பல் புதனன்று காலை ஆறேகால் மணிக்கு நம் அடுப்படியில் அம்மா தலைமையில் கூடிய கூட்டத்தில், என் காப்பிக்குச் சர்க்கரை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டது என்பதை முறைப்படி உனக்குத் தெரிவிக்கிறேன். எதிர்த்து ஒரு ஓட்டு விழுந்தது, அது செல்லாது என்று அறிவித்துவிட்டாள். தொண்ணூறு கிலோவில் குடலிறக்கத்துக்குக் கத்தி வைக்க மாட்டேன், எண்பத்து நாலுக்கு வாருங்கள், ஏப்ரல் பதினெட்டில் முடித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதை முன்பே எழுதியிருந்தேன். அது முடிந்தால்தான் மே மாதம் உன் பிரசவத்துக்கு நாங்கள் இருவரும் நாக்பூர் வர முடியும் என்பதால் முழுமூச்சாக இறங்கினேன்.

இந்த வருஷம் தவக்காலமும் ரம்ஜானும் சேர்ந்து வந்தன. பகலில் நான் ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். பூட்டுக்கடை அப்துல் லத்தீப் நோன்பு. சாயங்காலம் இருவரும் பேகம்பூர் வரை அரை மணி நேரம் நடப்போம், அவர் வீட்டில் நோன்பு திறக்கும்போது எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி, இரண்டு சம்சா. வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று கறி போடாமல் தனியாக எடுத்து வைத்தார்கள், அவ்வளவு நல்ல மனிதர்கள். கலோரி பற்றிக் கேட்டதற்கு, கஞ்சிக்கு ஏதுங்க சார் கலோரி, காய்ச்சக்காரனுக்கே குடுக்குறாங்கல்ல என்றார் லத்தீப். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதி அனுப்பிய கலோரிப் பட்டியலைப் பெருநாள் முடிந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். அரை மணி நடையில் கரைவது நூற்றைம்பது, நான் உள்ளே தள்ளியது ஐந்நூற்றைம்பது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கழித்தலில் தவறிவிட்டேன். ஸ்டேஷன் எடை மெஷின் தொண்ணூற்றிரண்டு என்று சீட்டு துப்பியது. நடந்து போயி தின்னுட்டு வாரதுக்கு இங்கனயே உக்காந்து தின்னுருக்கலாம், செருப்பாவது மிஞ்சியிருக்கும் என்றாள் உன் அம்மா.

அன்றிலிருந்து நடந்ததற்குக் கூலியாகத் தின்பதில்லை. காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன், சோறு பாதி, மீதி காய்கறி வெஞ்சனம், ஈஸ்டருக்குக்கூட ஒரே தட்டு. பசித்தால் மோர் குடிக்கிறேன், மறுபடி நடப்பதில்லை, மயக்கம் வருகிறது. நேற்று எண்பத்தேழு. இன்னும் மூன்று கிலோ, விடமாட்டேன். பிள்ளை பெற்ற கையோடு உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய், வேண்டாம். பால் கொடுக்கும் வரை வயிறாரச் சாப்பிடு, டாக்டர் சரி என்றதும் மெல்ல நட, பட்டினி கிடக்காதே.

சகாய மாதா உன்னையும் பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். இரும்பு மாத்திரையை மறக்காதே.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா, ராயப்பராஜ்

பி.கு.: எண்பத்து நாலு ஆகவில்லை என்று டாக்டர் ஆபரேஷனை மே பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டார். எனக்குத் துணைக்குச் செம்பட்டியிலிருந்து டெய்சி அத்தை வருகிறாள். அம்மா எட்டாம் தேதி ரயில் ஏறுகிறாள். எடுத்திருந்த இரண்டு டிக்கெட்டில் ஒன்றை இன்று ரத்து செய்தேன்.