விடை அம்மாவிடம் இருக்கிறது

ஜூன் 8, ஞாயிறு, மாலை 4.10. வந்தவர்கள் 43 பேர். குடும்பமில்லாமல் வந்தவன் நான் ஒருவன்.

அன்புள்ள அம்மா, முழங்காலுக்குத் தைலம் ஒழுங்காகத் தேய்க்கிறாயா? நான் நலம்.

இன்று நான் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் தொழிலாளர்களின் குடும்ப விழா. அவரவர் வீட்டில் வழிவழியாக வந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நான் உன் விடுகதையைப் போட்டேன்: "வயிறு நிறைஞ்சா நிப்பான், பசிச்சா படுத்துடுவான். யாரு?"

"எங்க வீட்டுக்காரர்!" என்றார் வெல்டரின் மனைவி. கூரை அதிரச் சிரித்தோம். பிறகுதான் உறைத்தது, விடை எனக்கே மறந்துபோயிருந்தது. யாரும் விடுவதாக இல்லை.

"விடை தெரியாமலா கேட்டே? அம்மாவையே ஃபோன்ல பிடி!" என்றார் மேஸ்திரி. உடனே அழைத்தேன், உன் ஃபோன் அணைந்திருந்தது.

இனிச் செய்யப்போவது:
1. வரும் ஞாயிறு நாலு மணிக்கு ஸ்பீக்கரில் உன்னை அழைப்பேன். 43 பேரும் மறுபடி கூடிக் கேட்போம். சார்ஜ் போட்டுவை.
2. விடையை எழுதிவைப்பேன்.
3. அதற்கடுத்த ஞாயிறும் அழைப்பேன், விடை தெரிந்திருந்தாலும்.