இவானோ காத்திருக்காத ஞாயிற்றுக்கிழமை

கஸ்தெல்வேரா,
11 ஜூலை 2004

அன்புப் பேத்தி மிர்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. படித்துக் காட்டட்டுமா என்று தபால்காரர் கேட்டார். என் கண் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், மெதுவாகத்தான் படிப்பேன். ஆனால் படித்ததை மறக்க மாட்டேன்.

சிநேகிதர்கள் ஆறு பேரும் கடல் வரை சைக்கிளில் போய் ஒரே நாளில் திரும்பினீர்கள் என்று எழுதியிருந்தாய். எதிர்காற்றில் முறை வைத்து ஒருவர் முன்னால் போக, மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதையும், திரும்பும்போது வெயிலில் உதடு வெடித்ததையும் எழுதியிருந்தாய். உன் அப்பா லோரிஸும் அப்படித்தான். ஞாயிறு மதியம் வந்து உட்கார்ந்தால் தட்டைப் பார்க்க மாட்டான். கத்தியை வைத்து இதுதான் ஏற்றம் என்பான், உப்புக் கிண்ணத்தை வைத்து இதுதான் கணவாய் என்பான். "அம்மா, இந்த இடத்துல இவானோ மூச்சு வாங்கினான் பாரு, கிழட்டுக் கழுதை மாதிரி" என்று சொல்லிச் சிரிப்பான். பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடும் அவன் கூட்டாளி இவானோ, "கழுதைதான்டா உனக்கு முன்னாடி மேலே போய்ச் சேர்ந்துச்சு" என்பான்.

இங்கே எல்லாம் பழையபடிதான். வாதுமைப் பழம் இந்த வருஷம் சின்னதாகக் காய்த்தது. மேல்வீட்டு டிட்ஸியானோவுக்கு இரண்டாவது பெண் பிறந்திருக்கிறாள். அவன் சைக்கிளை விட்டுத் தொப்பை வளர்க்கிறான். ரொட்டிக்கடை தோரீனா கடையைப் பெரிதாக்கியிருக்கிறாளாம். நான் போய்ப் பார்க்கவில்லை. உன் தாத்தா சாவுக்குப் பூப்போட்ட சட்டையில் வந்தவள். முப்பத்திரண்டு வருஷமாக அடுத்த ஊரிலிருந்துதான் எனக்கு ரொட்டி.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் உன் அப்பா நினைவாகச் சைக்கிள் சங்கத்தார் மலையேறும் நாளில் நீயும் வருகிறாய். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக இவானோவையும் அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உனக்கும் தெரிந்துவிட்டது. "எங்க அப்பாவுக்காக ஏன் காத்திருக்கலைன்னு எல்லார் முன்னாடியும் அவனைக் கேட்பேன், பாட்டி. உங்களுக்காகவும் கேட்பேன்" என்று எழுதியிருக்கிறாய்.

கேட்காதே. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு, உனக்கும் தெரியும். கடைசி ஆள் கணவாய்க்கு வந்து சேரும் வரை யாரும் இறங்கக் கூடாது. வந்ததும் எல்லாரும் காப்பிக்கடையில் பழைய செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் திணித்துக்கொள்வார்கள். ஏறும்போது வேர்த்த உடம்பு, இறங்கும்போது காற்று அடித்தால் விறைத்துவிடும். அந்த ஞாயிறு, தலைவராக இருந்த இவானோ உன் அப்பா வருமுன்பே ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். உனக்கு அப்போது ஒன்பது வயது. இவ்வளவையும் உனக்குச் சொன்னது நான்தான். ஊருக்குச் சொன்னதும் நான்தான்.

நான் சொல்லாதது இது.

அன்று என் தங்கை வீட்டார் சாப்பிட வருவதாக இருந்தது. மலை ஏறாமல் பாலத்தோடு திரும்பிப் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று லோரிஸ் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பன்னிரண்டேகாலுக்கு டெலிபோன் அடித்தது. கணவாயில் காப்பிக்கடைக்கு வெளியே உள்ள கூண்டிலிருந்து இவானோ பேசினான். "ஆர்ஜியாம்மா, லோரிஸ் இன்னும் மேல வரலை. ஆலங்கட்டி விழ ஆரம்பிச்சிருச்சு. வீட்டுக்குத் திரும்பிட்டானா?" என்று கேட்டான்.

அவர்கள் போடும் ஷூவின் அடியில் சைக்கிள் மிதியில் மாட்டுவதற்கு ஒரு கட்டை உண்டு. கல் படியில் ஏறினால் டக் டக் என்று கேட்கும். இந்த ஊரில் சைக்கிள்காரன் இருக்கிற எந்த வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்டதும் கொதிக்கிற தண்ணீரில் பாஸ்தாவைப் போட்டுவிடுவோம். முகம் பார்த்துப் போடுவதில்லை. டெலிபோன் என் காதில் இருக்கும்போதே படியில் அந்தச் சத்தம் கேட்டது. "வந்துட்டான், படியில ஏறிட்டிருக்கான். நீங்க இறங்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் பாஸ்தாவைப் போட்டேன்.

சத்தம் என் வாசலைத் தாண்டி மேலே போயிற்று. டிட்ஸியானோ. குளிர் தாங்காமல் பாதியில் திரும்பியிருந்தான்.

நான் ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாம். காப்பிக்கடைக்குத் திரும்ப டெலிபோன் செய்திருக்கலாம். செய்யவில்லை, மிர்கா. வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினான் என்று எனக்குக் கோபம். வரட்டும், இரண்டு வார்த்தை கேட்கிறேன் என்று பாஸ்தாவை வடித்துக்கொண்டிருந்தேன்.

லோரிஸ் பாலத்தருகே யாரோ ஒரு வெளியூர்க்காரருக்கு டயர் ஒட்டிக் கொடுத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மெல்ல ஏறியிருக்கிறான். அவர் பாதி வழியில் ஒரு வீட்டில் ஒதுங்கிக்கொண்டார். இவன் மேலே போனபோது யாரும் இல்லை. காப்பிக்கடைப் பெண் காகிதம் கொடுத்தாளாம். "வேண்டாம் தாயே, அதைச் செருகுற நேரத்துல அவனுங்க இன்னும் ரெண்டு வளைவு போயிருவானுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறான். நான்காவது வளைவில் விறைத்துப்போன விரல் பிரேக்கை அழுத்தவில்லை. மற்றது உனக்குத் தெரியும்.

ஏன் இறங்கினாய் என்று சங்கத்தார் இவானோவைக் கேட்டார்கள். "திரும்பிட்டான்னு நானா நினைச்சுக்கிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. தலைவர் பதவியைப் பிடுங்கினார்கள். அவன் சைக்கிள் கடைக்கு ஆள் வரத்து நின்றது. நான் வரவிடவில்லை. ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னேன்.

நாற்பதாம் நாள் கல்லறை வாசலில் அவன் என்னை வழிமறித்தான். "அந்த டெலிபோன் பேச்சை நான் யார்கிட்டயும் சொல்லலை, ஆர்ஜியாம்மா. சொல்லவும் மாட்டேன். உங்களுக்கு யாரையாவது திட்டணும்னா என்னையே திட்டிக்குங்க" என்றான். நான் அவன் காலடியில் துப்பினேன். பதினோரு வருஷமாக அவனை நான் வெறுத்தது அந்த வார்த்தைக்காகத்தான். அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

புதன்கிழமை அவனைச் சந்தையில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. சங்கத்தார் கூப்பிட்டதற்கு என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவனாகவே, "லோரிஸ் பொண்ணு வருதாமே, நல்லா மிதிக்குமா?" என்று கேட்டான். அவனோடு நான் பேசுவதில்லை என்பதையே அந்த நிமிஷம் மறந்துவிட்டேன். நூற்று நாற்பது கிலோமீட்டர் போனாள் என்றேன். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் என் பையில் இருந்தது.

உன் அம்மாவுக்கும் இதைக் காட்டு. அவளுக்குத் தனியாக எழுத எனக்குத் தைரியம் இல்லை. இங்கே சங்கத்தாருக்கு நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது சொல்வேன். தோரீனாவும் அங்கேதான் நிற்பாள். நிற்கட்டும்.

ஒன்றுதான் கேட்கிறேன். வந்ததும் முதலில் இவானோவின் கடைக்குப் போ. மலை ஏறும்போது அவனோடு சேர்ந்து ஏறு. அவனுக்கு இப்போது மூச்சு வாங்கும், நீ முன்னால் போய் எதிர்காற்றை உன் மேல் வாங்கிக்கொள். எனக்காகக் கோபப்படுவதை விட்டுவிடு. என் மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொள், அது உனக்குச் சேர வேண்டியது. என் வீட்டுக்கு வா என்று எழுத இரண்டு முறை பேனாவை வைத்தேன், வரவில்லை. எங்கே தங்கினாலும் நன்றாகச் சாப்பிடு. கடவுள் உன் கைகால்களைச் சுகமாக வைக்கட்டும்.

இத்தனை நாள் எழுதியதுபோல் பாட்டி என்று கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை. நீ சொன்னால் அடுத்ததில் போடுகிறேன்.

லோரிஸைப் பெற்றவள்,
ஆர்ஜியா