சலவை இயந்திரம் அடித்த முரசு

லுசுங்குவோட அப்பாவுக்கு,

உங்க தோள்வலி எப்படி இருக்கு? முரசடிக்கக் கை எழும்புதா? லுசுங்கு வயிறாரச் சாப்பிடுறாளா? ஜோகன்னஸ்பர்க்கில் நான் நல்லா இருக்கேன்.

போன வாரம் ஒரு கூத்து. எங்க சலவைக்கடையில் பழைய இயந்திரம் ஒண்ணு தடதடன்னு ஆட ஆரம்பிச்சது. நம்ம ஊர் விம்புசா ஆட்டத்தில், என்னைப் பிடிச்ச ஆவி ஆடி அடங்கணும்னு அதுக்குன்னே நீங்க அடிப்பீங்களே, அப்படியே அந்த அடி! என் தோள் குலுங்கி, ஆவி எழுந்துடுச்சு. ஈரத்துணிக்கு நடுவுல ஆடிட்டேன்.

கூட வேலை பார்க்கிற நொம்புலெலோ, “என்னடி, சம்பளத்தை ஏத்திட்டாங்களா?”ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சு வெச்சேன். முதலாளி மட்டும், “இன்னொரு தடவை ஆடினே, ஊருக்கே போயிடு”ன்னார். கவலைப்படாதீங்க.

ஆனா கூடப் பாடிக் கைதட்ட ஆளில்லாம ஆவி எப்படி அடங்கும்? நானே தட்டிப் பார்த்தேன். அடங்கலை, உள்ளே இன்னும் நடுங்குது.

உங்க முரசைப் போனில் பதிவு பண்ணி அனுப்புங்க. எங்க அக்கா பாடிக் கை தட்டட்டும். லுசுங்குவையும் தட்டச் சொல்லுங்க. யாருக்காகத் தட்டுறோம்னு அவ கேட்டா, அம்மான்னு ஒருத்தி இருக்கான்னு சொல்லுங்க.

முதலாளி கூப்பிடுறார்.

தோவேரா