குழாயடியில் நான் செய்த நல்ல காரியம்

சாமுண்டிக்கு,

விடியுமுன்னே குழாயடிக்குப் போகிறேன். பழைய சோறு கரைத்து மூடி வைத்திருக்கிறேன். கோபத்தோடாவது குடித்துவிடு, ராத்திரியும் நீ சாப்பிடவில்லை.

நேற்றுக் காலை குப்பை என்று நினைத்துத்தான் அள்ளினேன். ஆவடியில் என்னோடு மூட்டை தூக்கிய சின்னசாமி, போன வாரம் சோறு தின்று கை கழுவப் போனவன், அப்படியே போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஆயுசு இவ்வளவுதான், அதற்குள் தெருவுக்கு ஒரு நல்லது செய்வோம் என்று குழாயடியைச் சுத்தம் செய்தேன். அந்தச் செங்கல்லும் ஓட்டைப் பானையும் பதினோரு வீட்டார் தண்ணீர் வரிசையில் இடம் பிடிக்கப் போட்டு வைத்தவை என்று எனக்குத் தெரியாது. ஒருநாளாவது தண்ணீர் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று நீ சொன்னது நியாயம்தான்.

குல்ஷன் அக்காகூட, "இன்னா வேம்புலி, எங்க ஊட்டுக் கல்ல ஏரியிலயா கடாசினே?" என்று சிரித்தார். நீதான் கட்டின புருஷனை அத்தனை பேர் எதிரில், "நீ இன்னாத்துக்குய்யா பொறந்தே?" என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு பேசவே இல்லை.

மூட்டைக்கு மூட்டை அதையே யோசித்தேன். உலகத்துக்கு எதற்காகப் பிறந்தேனோ, தெரியவில்லை. இன்றைக்கு, தண்ணீர் வரும்வரை நம் வீட்டுச் செங்கல்லுக்குப் பதில் நானே வரிசையில் குந்தியிருப்பேன். என்னை யாரும் அள்ளிக் கொட்ட முடியாது.

சாவி ஜன்னல்மேல்.

வேம்புலி

மறந்துவிட்டேன்: ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். குடத்தை வேண்டுமென்றேதான் விட்டுப் போகிறேன். பேசாவிட்டாலும் நீதான் எடுத்துவர வேண்டும்.